8 த்ரெட் போட்டா விழுது, 1 த்ரெட் போட்டா ஓடுது: குளச்சல் அலைக் கணக்கு புரோகிராம், உதவி வேணும்

குளச்சல்_கரை:
எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா ஒரே இடத்துல கெடந்து முட்டுகேன், அதான் இங்க எழுதுகேன். என் பிஎச்டி வேலை நம்ம மாவட்ட கடற்கரையில கள்ளக்கடல் ஏறுறது பத்தி. தெரியாதவங்களுக்கு ஒரு வரி: இங்க காத்தே இருக்காது, வானம் தெளிஞ்சு கெடக்கும், ஆனா தெக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அங்கன அடிச்ச புயலோட அலை மூணுல இருந்து அஞ்சு நாள் கழிச்சு வந்து கரையில ஏறும். 18 செகண்ட் அலைன்னா ஆழ்கடல்ல ஒரு நாளைக்கு 1200 கிமீ பக்கம் ஓடி வரும். 2024 மே மாசம் லெமூர் பீச்சுல டாக்டருக்கு படிச்ச 5 பிள்ளைங்க போனாங்கல்லா, அந்த வாரம்தான் இந்த தலைப்ப நான் உறுதி பண்ணினேன்.

புரோகிராம் பழைய ஃபோர்ட்ரான், எனக்கு முந்தி படிச்சவங்க எழுதினது. நீரோடியில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஆழ்கடல்ல இருந்து கரைக்கு 400 கோடு போட்டிருக்கோம், கோட்டுக்கு 1000 புள்ளி, புள்ளிக்கு 36 திசை, 30 அதிர்வெண். ஒரு கோடு இன்னொரு கோட்டை நம்பி இல்ல, அதனால கோடுகளை ஓப்பன்எம்பி (வேலையை பிரிச்சு ஓட்டுற வசதி) வச்சு 8 த்ரெட்டுக்கு, அதாவது ஒரே நேரத்துல ஓடுற 8 கூறுக்கு, பங்கு போட்டேன். ஓட்டின உடனே செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக் கூடாத மெமரியை தொட்டதுக்கு புரோகிராம் அப்படியே விழுந்திச்சு. கோட்டுக்கு 500 புள்ளின்னு கொறச்சா ஓடிச்சு. பொறவு நெட்ல ஒருத்தர் 'யூலிமிட் -எஸ் அன்லிமிடெட்' (ஸ்டாக்குங்கிற மெமரியோட எல்லையை எடுக்குற கட்டளை) போடச் சொல்லியிருந்தாரு, போட்டேன், அதுக்கப்புறம் முந்தி ஓடின 500 புள்ளியும் சேர்ந்து விழுது! 1 த்ரெட் வச்சா மட்டும் 1000 புள்ளியும் ஓடுது. விழுற சப்ரூட்டினோட (புரோகிராமுக்குள்ள ஒரு துணைப் பகுதி) முதல் வரியில பிரிண்ட் போட்டும் பாத்தேன், அந்த பிரிண்ட் கூட வரல.

தக்கலை_பையன்:
மக்கா, 1 த்ரெட்ல ஓடுதுல்லா, ராத்திரி போட்டுட்டு படுத்திரு, காலையில எடுத்துக்க. தீசிஸ் முடிக்கிறதுதான் முக்கியம், புரோகிராமை சரி பண்ணுறதுக்கு யாரும் பட்டம் தரமாட்டாங்க. நானும் அப்பிடித்தான் முடிச்சேன்.

குளச்சல்_கரை:
ஒரு ஓட்டம் 11 மணி நேரம் அண்ணா. 60 விதமான அலைக்கு ஓட்டணும், இடையில கரண்டு போனா மொதல்ல இருந்து. அதோட ஏன் விழுதுன்னு தெரியாம மேல போக மனசு வரல.

பேச்சிப்பாறை_அக்கா:
தம்பி, நீ சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. முதல் வரி பிரிண்ட் கூட வரலன்னா, அந்த சப்ரூட்டினுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முந்தியே விழுதுன்னு அர்த்தம். அது பெரும்பாலும் ஸ்டாக், அதாவது சப்ரூட்டின் ஓடும்போது தற்காலிகமா எடுக்குற மெமரி, பத்தாம வர்றது. ஆனாலும் ஊகத்துல போகாதே, மொதல்ல இத செய்: '-ஜி' சேர்த்து கம்பைல் பண்ணு, ஜிடிபிக்குள்ள (பிழை தேடுற கருவி) வச்சு ஓட்டு, விழுந்த உடனே 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' குடு. எல்லா த்ரெட்டும் அந்த நேரத்துல எங்க நிக்குன்னு காட்டும். அத இங்க போடு. அதோட அந்த சப்ரூட்டினுக்குள்ள லோக்கல் அரே (அதுக்கு மட்டும் சொந்தமான எண்ணு அடுக்கு) என்ன அளவுல இருக்குன்னும் சொல்லு.

குளச்சல்_கரை:
பாத்தேன் அக்கா. 7 த்ரெட்டும் அந்த ஒரே சப்ரூட்டின் வாசல்ல நிக்கு, மெயின் த்ரெட் மட்டும் உள்ள போயிருக்கு. லோக்கல் அரே ஒண்ணுதான் பெருசு, 36 x 30 x 1000, டபுள் பிரிசிஷன்.

பேச்சிப்பாறை_அக்கா:
கணக்கு போடு. 36 x 30 x 1000 = 10,80,000. ஒண்ணுக்கு 8 பைட், 86,40,000 பைட். லினக்ஸ்ல வழக்கமா ஸ்டாக் 8 எம்பி, அதாவது 83,88,608 பைட். உன் அரே அதை விட கொஞ்சூண்டு பெருசு. 500 புள்ளின்னா 43 லட்சம் பைட்தான், அதான் அது மட்டும் ஓடிச்சு.

இப்ப நீ கேப்ப, ஓப்பன்எம்பி இல்லாம முந்தி 1000 புள்ளியும் ஓடிச்சேன்னு. ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் வழக்கமா பெரிய லோக்கல் அரேயை ஸ்டாக்ல வைக்காது, ஸ்டாட்டிக் மெமரியில ஒரே ஒரு எடம் ஒதுக்கி வச்சுக்கும். '-எஃப்ஓப்பன்எம்பி' குடுத்தா '-எஃப்ரிகர்சிவ்'வும் கூடவே வந்திரும், எல்லா லோக்கல் அரேயும் ஸ்டாக்குக்கு போகும். போகலன்னா 8 த்ரெட்டும் ஒரே எடத்துல எழுதி நாறிப்போகும், அதனால அது சரியான வேலைதான். இதை ஓர்மையில வச்சுக்க, பொறவு தேவைப்படும்னு எனக்கு தோணுது.

அன்லிமிடெட் போட்டதும் 500 புள்ளியும் ஏன் விழுந்திச்சு? இதுல ஒருவாடு பேர் தடுக்கி விழுந்திருக்காங்க, நானும் ரெண்டு நாள் கெடந்தேன். யூலிமிட் மெயின் த்ரெட்டோட ஸ்டாக்கைத்தான் நேரடியா கட்டுப்படுத்தும். மத்த த்ரெட்டுக்கு, நாம வேற ஒண்ணும் சொல்லலன்னா, ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை லைப்ரரி) அந்த யூலிமிட் எண்ணைப் பாத்து அதே அளவு குடுக்கும். ஆனா அங்க 'அன்லிமிடெட்'னு இருந்தா எல்லையில்லாத அளவை எப்படி ஒதுக்கும்? அதனால தன்னோட சொந்த அளவுக்கு போயிரும், 64 பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்ல அது வெறும் 2 எம்பி. நீ எல்லையை எடுத்துட்டதா நெனச்ச, அது 7 த்ரெட்டுக்கும் 8-ல இருந்து 2-ஆ கொறச்சு போட்டிச்சு. மெயின் த்ரெட் தப்பிச்சதும், 1 த்ரெட்ல ஓடினதும் அதனாலதான்.

மருந்து: 'ஓஎம்பி_ஸ்டாக்சைஸ்=64எம்' எக்ஸ்போர்ட் பண்ணு, யூலிமிட்டும் இருக்கட்டும். 4ஜி, 8ஜின்னு வாரி போடாதே. நிரந்தர மருந்து அந்த அரேயை அலோக்கட்டபிள் ஆக்கி ஹீப்புக்கு (ஓடும்போது கேட்டு வாங்குற பெரிய மெமரி) கொண்டு போறது. ஆனா அத இப்ப செய்யாதே, கொஞ்சம் பொறு.

குளச்சல்_கரை:
ஓடிட்டு!!! 1000 புள்ளி, 8 த்ரெட், 1 மணி 50 நிமிஷம். அக்கா, நாலு நாளு அக்கா. ரொம்ப நன்றி.

காத்தாடி_ஆரல்வாய்:
இடையில நுழையுறதுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே மாதிரிதான், ஆனா ஸ்டாக்சைஸ் போட்டும் நிக்கல. முப்பந்தல் பக்கம் காத்தாடி கோபுரத்துல எடுத்த காத்து வேகத்தை எஃப்எஃப்டிடபிள்யூங்கிற லைப்ரரி வச்சு ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ல எம்புட்டு ஆற்றல்னு) எடுக்கேன், ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு நாளோட டேட்டாவை எடுத்து பிளான் (கணக்கை எப்படி போடணும்னு முன்னேற்பாடு) போட்டு எக்சிக்யூட் பண்ணும். பத்து தடவை ஓட்டினா மூணு தடவை விழுது, அதுவும் வேற வேற எடத்துல.

பேச்சிப்பாறை_அக்கா:
உங்க கதை வேற. எஃப்எஃப்டிடபிள்யூல எக்சிக்யூட் மட்டும்தான் பல த்ரெட் ஒரே நேரத்துல கூப்பிடலாம், பிளான் போடுற வேலை எல்லாருக்கும் பொதுவான ஒரு நோட்டுல எழுதும், அதை ரெண்டு பேர் சேர்ந்து கூப்பிடக் கூடாது. உங்க எல்லா நாளும் ஒரே நீளம்தானே? லூப்புக்கு வெளிய ஒரே ஒரு பிளான் போட்டு, உள்ள ஒவ்வொரு த்ரெட்டும் தன் அரேயை குடுத்து அதே பிளானை எக்சிக்யூட் பண்ணட்டும், அதுக்குன்னு புது அரே வாங்குற எக்சிக்யூட் ஃபங்ஷன் தனியா இருக்கு. அரே மெமரியை எஃப்எஃப்டிடபிள்யூவோட சொந்த மேலாக் வச்சே எடுங்க. இல்லன்னா பிளான் வரியை கிரிட்டிக்கல்ல (ஒரு நேரத்துல ஒரு த்ரெட் மட்டும் நுழையுற பகுதி) போடுங்க. 3.3.5 பதிப்புல இருந்து பிளானரை த்ரெட் சேஃப் ஆக்க, அதாவது பல த்ரெட் சேர்ந்து கூப்பிட்டாலும் குழம்பாம இருக்க, தனி ஃபங்ஷனும் உண்டு. நெட்சிடிஎஃப் (அறிவியல் டேட்டா வைக்கிற ஒரு வகை) ஃபைலும் த்ரெட்டுக்குள்ள தொறக்குறீங்கன்னா அதையும் வெளிய எடுங்க, அந்த லைப்ரரியும் த்ரெட் சேஃப் கிடையாது.

காத்தாடி_ஆரல்வாய்:
பிளானை வெளிய எடுத்தேன், 50 தடவை ஓட்டிப் பாத்தாச்சு, ஒண்ணும் விழல. நன்றி. நெட்சிடிஎஃப் இல்ல, சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான்.

பேச்சிப்பாறை_அக்கா:
குளச்சல் தம்பி, நீ சந்தோஷமா இருக்க, ஆனா ஒரு காரியம் செய். அதே இன்புட், அதே 8 த்ரெட், மூணு தடவை ஓட்டு. முட்டம் பக்கம் ஏதாவது ஒரு புள்ளியோட அலை உயரத்தை மூணுலயும் எடுத்துப் போடு.

குளச்சல்_கரை:
அக்கா எனக்கு இப்ப பயமா இருக்கு. 2.41, 2.44, 2.38. ஒரே இன்புட்.

தக்கலை_பையன்:
அது சும்மா மக்கா, த்ரெட் கூட்டுற வரிசை மாறினா தசமத்துல கொஞ்சம் மாறத்தான் செய்யும், ஃப்ளோட்டிங் பாயின்ட் அப்பிடித்தான்னு எங்களுக்கு படிப்பிச்சாங்க.

பேச்சிப்பாறை_அக்கா:
கூட்டுற வரிசை மாறினா விடை மாறும்கிறது சரிதான் தம்பி. ஆனா டபுள் பிரிசிஷன்ல 15 இலக்கம் வரைக்கும் நிக்கும், வரிசை மாறினா கடைசி ஒண்ணு ரெண்டு இலக்கம் ஆடும், கணக்கு மோசமா இருந்தா இன்னும் சிலது. ரெண்டாவது தசமம் ஆடுறதுக்கு அதை காரணம் சொல்லக் கூடாது. இந்த சாக்கை சொல்லி மூடி வச்ச கணக்கு எத்தனையோ நான் பாத்துட்டேன், கேட்டா கோவம் வருகு. ஒரு புரோகிராம் விழுந்தா நாம போயி பாப்போம். விழாம தப்பான எண்ணைக் குடுத்தா அத எடுத்து படமா வரைஞ்சு ஊருக்கு காட்டுவோம்.

தம்பி, எல்லா சப்ரூட்டினுலயும் டிக்ளரேஷன் வரியிலயே '= 0' போட்டிருக்க எடத்தை தேடு. சி படிச்சவங்களுக்கு அது ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் ஆகுறதா தோணும். ஃபோர்ட்ரான்ல அப்பிடி இல்ல, டிக்ளேர் பண்ணுற வரியில மதிப்பு குடுத்தா அந்த வேரியபிளுக்கு சேவ் தானா வந்திரும். புரோகிராம் தொடக்கத்துல ஒரு தடவை மட்டும் பூஜ்யம், பொறவு பழைய மதிப்போடயே இருக்கும், எல்லா த்ரெட்டுக்கும் பொதுவாவும் இருக்கும்.

குளச்சல்_கரை:
ஒண்ணு மாட்டிச்சு. ஆழத்துக்கு தக்க அலை நீளம் கண்டுபிடிக்கிற நியூட்டன் முறை சப்ரூட்டின்ல அலை எண்ணை '= 0.0' னு டிக்ளேர் பண்ணியிருக்காங்க. உள்ள முதல் வேலையா ஆழ்கடல் மதிப்பை வைக்குது, அதனால 1 த்ரெட்ல குழப்பம் இல்ல. ஆனா 8 பேர் ஒரே எடத்துல எழுதினா ஒருத்தன் 10 மீட்டர் ஆழத்துக்கு கண்டுபிடிச்சிட்டு இருக்கும்போது இன்னொருத்தன் ஆழ்கடல் மதிப்பை போட்டு அழிச்சிருவான். 18 செகண்ட் அலைக்கு ஆழ்கடல்ல நீளம் 505 மீட்டர், 10 மீட்டர் ஆழத்துல 175 மீட்டர் பக்கம், எம்புட்டு வித்தியாசம்! அதை பிரிச்சு கீழ தனி வரியா எழுதிட்டேன். மூணு தடவை ஓட்டினேன். 2.40, 2.42, 2.40. கொறஞ்சிச்சு, ஆனா போகல.

ரப்பர்_குலசேகரம்:
த்ரெட் சானிடைசர் போட்டு பாக்கலாமே? '-எஃப்சானிடைஸ்=த்ரெட்'. ரேஸ், அதாவது ரெண்டு த்ரெட் ஒரே எடத்துல மோதுறது, எங்க இருக்குன்னு வரி எண்ணோட சொல்லும்.

பேச்சிப்பாறை_அக்கா:
நல்ல கருவிதான், ஆனா ஜிசிசியோட ஓப்பன்எம்பி லைப்ரரிக்குள்ள நடக்குற ஒத்திசைவு அதுக்கு தெரியாது, அதனால பொய் எச்சரிக்கை ஒருவாடு வரும், புதுசா பாக்குறவங்க அதுல முங்கிப் போவாங்க. அதோட இது இனி ரேஸ் இல்லன்னு எனக்கு ஒரு சந்தேகம். தம்பி, ரெண்டு ஓட்டத்தோட விடையை புள்ளி புள்ளியா கழிச்சு, எங்க வித்தியாசம் வருதுன்னு ஒரு படம் போடு.

குளச்சல்_கரை:
அக்கா, எனக்கு மேலெல்லாம் கூசிப்போச்சு. திறந்த கடல்ல ஒரு புள்ளியில கூட வித்தியாசம் இல்ல, சுத்தமா பூஜ்யம். மறைவுல மட்டும்தான். முட்டம் பாறைக்கு மறைவுல கடியப்பட்டணம் பக்கம், பொறவு குளச்சல் துறைமுக சுவருக்கு உள்ளால. புரோகிராம்ல மறைஞ்ச திசைக்கு என்ன செய்யுதுன்னு போயி பாத்தேன். பாறை மறைக்கிற திசை வந்தா 'சைக்கிள்' போட்டு அடுத்த திசைக்கு தாண்டிருது. அந்த எடத்துல அரேல பூஜ்யம் எழுதவே இல்ல!

பேச்சிப்பாறை_அக்கா:
அதேதான். இப்ப அந்த ஸ்டாட்டிக் மெமரி விஷயத்தை ஓர்மைக்கு கொண்டு வா.

எங்க தோட்டத்துல பால் வெட்டுறவரு காலையில மரத்துக்கு போனா மொதல்ல சிரட்டையில ஒட்டியிருக்க நேத்தைய ஒட்டுபாலை பறிச்சு எடுப்பாரு, பொறவுதான் பட்டையை சீவுவாரு. எடுக்காம விட்டா இன்னைக்கு பால் வராத மரத்துலயும் சிரட்டை நெறைஞ்ச மாதிரி இருக்கும். உன் அரே அந்த சிரட்டைதான். த்ரெட் இல்லாத பழைய புரோகிராம்ல ஒரே சிரட்டை, மறைஞ்ச திசையில முந்தின கோட்டோட ஆற்றல் அப்படியே ஒட்டிக் கெடக்கும். பக்கத்து கோடுங்கிறதால எண்ணு பொருத்தமா தோணும், ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. 8 த்ரெட் ஆனதும் 8 சிரட்டை, எந்த கோடு எந்த த்ரெட்டுக்கு போகும்னு டைனமிக் ஷெட்யூல்ல (கை காலியான த்ரெட் அடுத்த கோட்டை எடுக்குற முறை) சொல்ல முடியாது, அதனால ஒட்டியிருக்க மிச்சம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுது. த்ரெட் இந்த தப்பை உண்டாக்கல தம்பி. ஏற்கனவே இருந்த தப்பை வெளிய கொண்டு வந்திருக்கு.

நான் பொறுன்னு சொன்னது இதுக்குத்தான். '-எஃப்இனிட்-ரியல்=எஸ்நான்', '-எஃப்எஃப்பிஇ-ட்ராப்=இன்வாலிட்' ரெண்டும் போட்டு கம்பைல் பண்ணு. லோக்கல் அரே முழுக்க விஷ எண்ணு நெறைச்சு வைக்கும், எழுதாத எடத்தை எடுத்து யாராவது கணக்கு போட்டா அந்த வரியிலயே நிப்பாட்டும். அலோக்கட்டபிள் அரேக்கு இது வேலை செய்யாது, அதான் முந்தியே மாத்த வேண்டாம்னேன்.

குளச்சல்_கரை:
நின்னுது. ஆற்றல் கூட்டுற வரியில, முட்டம் மறைவு கோட்டுல. சப்ரூட்டின் தொடக்கத்துல அரே முழுக்க பூஜ்யம் எழுதினேன், 8 த்ரெட் மூணு தடவை, 4 த்ரெட் ரெண்டு தடவை, 1 த்ரெட் ஒரு தடவை, எல்லாத்துலயும் 1.87. கடைசி இலக்கம் வரைக்கும் ஒண்ணு போல.

பழைய புரோகிராம், த்ரெட் இல்லாம, போன வருஷம் ஓட்டினது 2.41.

தக்கலை_பையன்:
தம்பி, நான் 1 த்ரெட்ல ஓட்டிட்டு போன்னு சொன்னது தப்பு. கேட்டிருந்தா தப்பான எண்ணோட முடிச்சிருப்ப. என் புரோகிராமையும் இந்த ட்ராப் போட்டு இன்னைக்கு ராத்திரி ஓட்டப் போறேன்.

ரப்பர்_குலசேகரம்:
போன வருஷ எண்ணு எங்கயாவது குடுத்திருக்கியா?

குளச்சல்_கரை:
மூணாவது அத்தியாயத்துல இருக்கு, அது இன்னும் சமர்ப்பிக்கல, சாரிட்ட நேத்தே போயி சொல்லிட்டேன், படத்தை எல்லாம் திரும்ப வரையச் சொன்னாங்க. அது பெரிய காரியம் இல்ல. கடியப்பட்டணத்துல ஊர் கமிட்டிக்கு போன வருஷம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருந்தேன், தூண்டில் வளைவு (அலையை தடுக்க கடலுக்குள்ள வளைச்சு போடுற கல் சுவர்) எங்க வேணும்னு அரசாங்கத்துக்கு மனு குடுக்க அவங்க கேட்டது. அதுதான் நெஞ்சை அறுத்திச்சு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்ச பொறவு போனேன். இந்த மாதிரி கணக்குல தப்பு இருந்திச்சு, பாறை மறைவுல அலையை கூட்டிக் காட்டியிருக்கேன், அந்த எடத்துக்கு வளைவு கேட்டு மனு குடுக்காதீங்கன்னு சொன்னேன். வயசான ஒரு தாத்தா, 2004 சுனாமியும் ஒக்கியும் பாத்தவரு, அந்த பேப்பரை மடிச்சு கையில வச்சுகிட்டு சொன்னாரு: "அந்த எடத்துலதான் மக்ளே கடல் கோவிச்சா நாங்க வள்ளத்தை கொண்டு அணைப்போம். அங்கன அம்புட்டு ஏறாதுன்னு எங்களுக்கு தெரியும். கம்ப்யூட்டர்ல பாத்து சொல்லுகியேன்னு மிண்டாம இருந்தோம்."

நான் அவர்ட்ட அந்த மாதிரி எடமெல்லாம் சொல்லச் சொல்லி கேட்டேன். நோட்டுல 6 எடம் எழுதியிருக்கேன், எது எந்த காத்துக்கு அடங்கும், கச்சானுக்கு எது, வாடைக்கு எதுன்னு அவரு சொன்னபடியே. 60 ஓட்டமும் இன்னைக்கு தொடங்குகேன், ஒவ்வொண்ணு முடிஞ்சதும் மொதல்ல அந்த 6 எடத்தோட எண்ணைத்தான் பாப்பேன். முதல் ஓட்டம் முடிய இன்னும் 40 நிமிஷம் இருக்கு.